லத்தியடிக்கு இழப்பீடு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். காட்பாடியில் சரக்கு ஆட்டோ ஓட்டும் என் சித்தி மகனுக்குப் போன மாதம் வாகனச் சோதனையில் வாய்த்தகராறு. லத்தியடியில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. இன்னும் சட்டைப் பொத்தானைச் சித்திதான் போட்டுவிடுகிறார். அடுக்கம்பாறை ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதிவு செய்த விபத்துப் பதிவேட்டின் நகல்), எக்ஸ்ரே எல்லாம் இருக்கிறது.

இப்போது ஒருவர் வந்து, "ஏதாவது வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்" என்கிறார். எழுத்தில் ஒன்றும் கிடையாதாம்! 2021இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம், போலீஸ்காரரால் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்டின் குடும்பத்துக்கு 2.7 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்ததும் சமரசம்தான், ஆனால் அது ஊரறிய நடந்தது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனு போடவேண்டும், சரி. அங்கே போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சத்துவாச்சாரி கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்கு யாரைப் பார்ப்பது? அப்புறம், சிசிடிவி பதிவு அழிவதற்குள் எப்படிக் கேட்டு வாங்குவது? இதுதான் அவசரம்.