லைன்மேன் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? (டான் டியர்டோர்ஃப் பற்றி)

டிக்கோயா வாசகன்:
பாடசாலை சஞ்சிகைக்கு அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டக்காரர் டான் டியர்டோர்ஃப் பற்றி ஒரு பக்கம் வேணும். 'லைன்மேன்' என்று போட்டால் மின்சார சபைக்காரர் என்பார்கள், இல்லாட்டி கொடி பிடிக்கிற கோட்டு நடுவர். நம்ம தோட்டப் பக்கம் லயத்து (லைன் வீட்டு) ஆள் என்றே வாசிச்சிடுவாங்க! சரியான சொல் என்ன? பந்தையே தொடாத ஆள் எப்படி இத்தனை வருஷம் வர்ணனை செய்தார்?

நானுஓயா மூடுபனி:
'முன்வரிசைத் தடுப்பாளர்' என்று ஒருமுறை விளக்கிட்டு, பிறகு 'தடுப்பாளர்' போதும் தம்பி. நித்தவலையில் றகர் பார்த்தவங்களுக்கு 'ஸ்க்ரம் முன்வரிசை மாதிரி' என்றால் உடம்புவாகு விளங்கும். அதற்கு மேல் ஒப்பிட வேண்டாம். றகரில் பந்தில்லாத ஆளை மறித்தால் பெனால்டி, அங்கே மறிப்பதுதான் வேலையே.
வரிசையில் 5 பேர்: நடுவில் சென்டர், இருபுறமும் கார்ட், ஓரங்களில் டேக்கிள். டியர்டோர்ஃப் பெரும்பாலும் வலது டேக்கிள், இலக்கம் 72. 'பந்தையே தொடாத' என்று எழுதினால் பிழை. 1982இல் சென்டராக ஆடினார், சென்டர்தான் ஒவ்வொரு முறையும் பந்தைப் பின்னால் கொடுப்பவர்.

பதுளை ஸ்கோர்புக்:
ஆண்டுகள்: பிறப்பு 1949, ஒஹாயோவின் கேன்டன். மிச்சிகன் பல்கலைக்கழகம், பிறகு 1971 முதல் 1983 வரை சென். லூயிஸ் கார்டினல்ஸ் அணி. 1979இல் முழங்கால் விலகி 2 ஆட்டத்தோடு சரி, அடுத்த வருஷமே திரும்பினார். 1996இல் ஹோல் ஒஃப் ஃபேம் (சிறந்த வீரர்களுக்கான புகழ் மண்டபம்), அதுவும் சொந்த ஊரான கேன்டனிலேயே.
1975இல் அந்த அணி 14 ஆட்டத்தில் விட்ட சேக் வெறும் 8. (சேக்: பந்தை எறிகிற ஆளான குவார்ட்டர்பேக், எறியமுன் விழுத்தப்படுவது.) இதை இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிடாதீங்க. கையை நீட்டி, விரலை விரித்துத் தடுக்க 1978இல்தான் விதி இடம் கொடுத்தது. அதுவரை முழங்கையை மடக்கி, முஷ்டியை நெஞ்சோடு வைத்துத்தான் மறிக்கணும். எதிராளியோ தலையில் அறையலாம், அந்த அறை 1977இல்தான் தடை. 'இவர் தனியாக விட்ட சேக் இத்தனை' என்று வலைத்தளங்களில் வருவது லீக்கின் அதிகாரபூர்வக் கணக்கில்லை, தவிர்த்துவிடுங்க.

நானுஓயா மூடுபனி:
இரண்டாவது கேள்விக்கு வாறேன். வர்ணனையில் இரண்டு பேர். ஒருவர் பந்தைத் தொடர்ந்து சொல்வார், மற்றவர் காரணம் சொல்வார். டியர்டோர்ஃப் பெரும்பாலும் இரண்டாமவர். ஒரு பந்து முடிந்து அடுத்த பந்து எடுக்கமுன் கிடைக்கிற அரை நிமிஷத்துக்குள் மறுஒளிபரப்பைக் காட்டி ஒரே விஷயத்தைச் சொல்லி வாயை மூடணும். இரண்டு விஷயம் சொல்லப் போனால் அடுத்த பந்து போய்விடும்.
குவார்ட்டர்பேக் விழுந்தால் எல்லாரும் அவரையே திட்டுவார்கள். டேக்கிளாக இருந்தவர் தடுப்பாளரின் காலைப் பார்ப்பார். தடுப்பாளர் பின்வாங்கும்போது தோளைச் சீக்கிரம் வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் உள்பக்கம் வழி திறந்துவிடும், எதிராளி அதில் நுழைவான். பிழை அங்கே, பந்திருந்த இடத்தில் இல்லை.

பதுளை ஸ்கோர்புக்:
வர்ணனை ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்க: சென். லூயிஸ் வானொலியில் ஆரம்பம், 1985 சீபீஎஸ் தொலைக்காட்சி, 1987 முதல் 1998 வரை ஏபீசி தொலைக்காட்சியின் திங்கள் இரவு ஆட்டங்கள், 1999 முதல் 2013 வரை மீண்டும் சீபீஎஸ். பீட் ரொஸெல் ஒலிபரப்பு விருது 2008. கடைசியாக 2014 முதல் 2021 வரை மிச்சிகன் பல்கலைக்கழக ஆட்டங்களுக்கு வானொலி வர்ணனை. பக்கத்துக் கதிரையில் ஜிம் பிரான்ட்ஸ்டாட்டர், அவரும் அதே மிச்சிகன் அணியின் தடுப்பாளர்தான்.

டிக்கோயா வாசகன்:
நன்றி அண்ணே. 'தடுப்பாளர்' என்றே போடுறேன். தலைப்பில் மட்டும் லைன்மேன் இருக்கட்டும், மின்சார சபைக்காரரும் வாசிக்கட்டும்.