எலுமிச்சைச் சொறி: ‘ஸ்ட்ரெய்ன்’ என்பதற்குத் ‘திரிபு’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

எலுமிச்சை இன மரங்களில் சொறி நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் ஸ்ட்ரெய்ன்களை (ஒரே பாக்டீரியாவுக்குள் மரபால் வேறுபடும் கூட்டங்களை) டிஎன்ஏ சோதனையால் பிரித்தறிவதைப் பற்றி எழுதும்போது ‘திரிபு’ என்று போடுகிறார்கள். கொரோனாக் காலத்துப் பழக்கம். திரிபு என்றால் மூலம் ஒன்று இருக்க வேண்டும். சொறிப் பாக்டீரியாவை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள்; ஏ வகையிலிருந்து பி, சி திரிந்து வரவில்லை. இலையில் சொறி ஒன்றுபோல் எழும்பினாலும் மரபில் அவை தனிக் கிளை. வேறு சொல் வேண்டும்.

*

> ‘வகை’ என்றே விட்டால் என்ன?

ஐயா, அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது: எந்தச் செடியைத் தாக்கும் என்பதை அது குறிக்கிறது. ஃபுளோரிடாவின் ஏ-டபிள்யூ வகை சிறு எலுமிச்சையில் சொறியை உண்டாக்கும். கிரேப்ஃப்ரூட் இலையில் செலுத்தினால் அந்த இடத்துச் செல்கள் மடிந்து, தொற்று அங்கேயே நின்றுவிடும். எதைத் தாக்கும் என்பதை இலையில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். எந்த வழியில் வந்தது என்பதை டிஎன்ஏ சொல்லும். முன்னதற்குத் ‘தாக்குவகை’, பின்னதற்குக் ‘கால்வழி’ என்பேன். கூட்டுச்சொல்லிலும் நிற்கிறது: மேற்கோள் கால்வழி (ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளும் அறிந்த கால்வழி), கால்வழி பிரித்தறிதல்.

*

கால்வழிக்கு என் வாக்கு. ஆனால் சோதனையில் கிடைக்கும் டிஎன்ஏ படத்துக்குச் சிலர் எழுதும் ‘மரபணுக் கைரேகை’யை விட்டுவிடுங்கள். கைரேகை ஓர் ஆளையே காட்டும். பாக்ஸ் என்னும் தொடக்கியை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) வைத்துச் செய்யும் பிசிஆர், அதாவது டிஎன்ஏவைப் பல படி எடுக்கும் முறை, கூட்டத்தைத்தான் காட்டும். அந்தத் துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் தெரிவது பட்டைகளின் அடுக்கு. ‘பட்டைக்கோலம்’ போதும்.

அந்தக் கோலம் எளிதில் கலையும். இலைச்சாற்றை நேராகப் போட்டால் புண்ணில் குடியிருக்கும் பிற பாக்டீரியாக்களும் பட்டை தரும். ஒற்றைக் காலனியிலிருந்து தூய வளர்ப்பு எடுத்தே ஆக வேண்டும். டிஎன்ஏ அளவு குழாய்க்குக் குழாய் மாறினால் மெல்லிய பட்டைகள் வந்தும் வராமலும் இருக்கும், அளந்து சமப்படுத்துங்கள். 1.5 சதவீத அகரோஸ் ஜெல் போதும். ஒவ்வொரு ஜெல்லிலும் மேற்கோள் கால்வழியை ஓட்டாமல், நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட்டால் பட்டைகளின் இடம் நழுவி, இல்லாத வேற்றுமை தெரியும்.

*

ஒரு திருத்தம். எல்லா டிஎன்ஏ சோதனையும் கால்வழிச் சோதனை அன்று. சொறியை உண்டாக்கும் பிடிஎச்ஏ (pthA) மரபணுக் குடும்பத்தைத் தேடும் தொடக்கிகள் 198 கார இணை நீளமுள்ள டிஎன்ஏ துண்டைத் தரும். ஏ, பி, சி மூன்றிலும் அதே துண்டுதான். சொறிப் பாக்டீரியா உண்டா என்பதற்கு மட்டும் விடை. இதைக் ‘கண்டறி சோதனை’ என்று பிரித்து எழுதுவோம். 1984-இல் ஃபுளோரிடா நாற்றங்கால்களில் வேறொரு பாக்டீரியாவால் வரும் புள்ளிநோயைச் சொறியின் ‘ஈ வகை’ என்று கொண்டு கோடிக்கும் மேல் கன்றுகளை அழித்தார்கள். அந்தப் பாக்டீரியாவில் இந்தத் துண்டு வராது.

இலைச்சாற்றிலேயே கண்டறி சோதனையைச் செய்யலாம், ஆனால் எலுமிச்சை இலையில் உள்ள பாலிஃபீனால் என்னும் வேதிப்பொருள் பிசிஆர் நொதியைச் செயல்படவிடாது. சாற்றைப் பத்து மடங்கு நீர்த்த குழாய் ஒன்றையும் சேர்த்து ஓட்டாமல் ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. ‘உண்டு’ என்றாலும் செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவாக இருக்கலாம்.

*

அப்படியானால் அறிக்கை வரி இப்படி அமையும்: “கண்டறி சோதனை: உண்டு. பட்டைக்கோலம்: ஏ-டபிள்யூ மேற்கோள் கால்வழியோடு ஒத்தது. தாக்குவகை: கிரேப்ஃப்ரூட் இலையில் ஏற்றிப் பார்க்கவில்லை.”