பழைய பிரெஞ்சு ஓவியங்கள்ல குழந்தைங்க டிரஸ், நேர்ல பாத்தவங்க சொல்லுங்க

பாரிஸ்ல லூவ்ர் மியூசியம் போறவங்க மோனாலிசா கூட்டத்துலயே நேரத்தை விட்டுடறாங்க, தயவுசெஞ்சு ஷார்டன்ங்கற பிரெஞ்சு ஓவியர் வரைஞ்ச, சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ற படத்தைத் தேடிப் பாருங்க, 1740ல பிரெஞ்சு ராஜா பதினஞ்சாம் லூயிக்கே குடுத்த படம் அது. அம்மா பரிமாறிட்டு நிக்கறாங்க, சின்னப் பிள்ளை குட்டி நாற்காலில கை கூப்பி உக்காந்திருக்கு. கவுனும் தொப்பியும் பாத்தா பொண்ணுன்னுதான் தோணும், ஆனா நாற்காலி முதுகுல ஒரு விளையாட்டு டிரம் தொங்குது, அதை வெச்சு பையன்னு சொல்றவங்க நிறைய. அந்தக் காலத்துல ஆம்பளப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஆறேழு வயசு வரைக்கும் கவுன்தான், துணி மாத்தறதும் சுலபம், பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரிச்சு விட்டுக்கலாம்.

அங்கேயே பூஷேங்கற ஓவியர் 1739ல வரைஞ்ச காலைச் சாப்பாட்டுப் படமும் இருக்கு. தரையில பொம்மையோட இருக்கற வாண்டு தலையைச் சுத்தி பஞ்சு அடைச்ச வளையம், பூர்லேன்னு பேரு, நடை பழகற பிள்ளை விழுந்தா மண்டை உடையாம இருக்க. ராஜா வீட்டு போர்ட்ரெயிட்ல பட்டும் லேஸும்தான் கண்ணுல படும், இந்த மாதிரி வீட்டுக்குள்ள படங்கள்லதான் பிள்ளைங்க தினப்படி எப்படி இருந்தாங்கன்னு தெரியுது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது.

லெ நேன் சகோதரர்களோட விவசாயிக் குடும்பப் படத்துல (1642 வாக்குல) பிள்ளைங்க வெறுங்கால், கந்தல் துணி. ஆனா அதே படத்துல வயசான அம்மா கையில நல்ல கண்ணாடி ஒயின் கிளாஸ் இருக்கு, அதனால ஓவியர் கொஞ்சம் ஜோடிச்சிருப்பாருன்னு நினைக்கிறேன், போட்டோ மாதிரி அப்படியே நம்பிடக் கூடாது.

*

நான் கனடாவில ஒட்டாவா ஓவியக் கலரியில ஷார்டன்ட இன்னொரு படம் பாத்தனான், 1739ல வந்தது. பொடியன் பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு புத்தகத்தோட தலையைக் குனிஞ்சு நிக்கிறான், வீட்டில பிள்ளையளப் பாக்கிற பொம்பிளை அவன்ர முக்கோணத் தொப்பியை பிரஷ் பண்ணிக்கொண்டு கண்டிக்கிறா. நீங்க சொன்ன கவுன் வயசு அவனுக்கு முடிஞ்சுது, இப்ப பெரிய ஆம்பிளையள் போடுற கோட்டும் முழங்கால் வரைக்கும் காற்சட்டையும்தான், ஆனா நிலத்தில அவன் விளையாடின சீட்டும் ரக்கெட்டும் அப்பிடியே கிடக்கு. உடுப்பு மாறின உடன பிள்ளையும் மாறவேணும் எண்டு எதிர்பாத்திருக்கினம், அவன்ர முகத்தைப் பாத்தா எனக்கு உண்மையிலேயே பாவமா இருந்தது.