ஒன்பது அங்குல மரப்படகுக்கு வயது ஏற்றுவது எப்படி?

காட்பாடி உளி:
பழவேற்காட்டில் பார்த்த பலகைப் படகு ஒன்றை மனத்தில் வைத்து, பால்சா என்ற இலேசான மரத்தில் ஒன்பது அங்குல நீளத்தில் செய்திருக்கிறேன். நான்கு மாத உழைப்பு. அக்ரிலிக் நீலம் இரண்டு கோட் அடித்ததும் பொம்மைக் கடைச் சரக்குபோல் ஆகிவிட்டது. கறுப்பைக் கரைத்து மேலே தடவினேன்; அழுக்குப் பிடித்த புதுப் படகாகத்தான் தெரிகிறது. மனம் ஒப்பவில்லை. தவிர, இந்த வெயிலில் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்து கோடு விழுகிறது.

பாலாற்றங்கரை:
வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே பூசிவிடுங்கள். வண்ணத் தட்டில் ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் வண்ணத்தைக் கலந்தால் சீக்கிரம் இறுகாது.

வாணியம்பாடி:
ஐயா, நீலத்தை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வயது அடியிலிருந்து வர வேண்டும். நான் முப்பது ஆண்டுகள் தோல் பதனிடும் வேலையில் இருந்தவன். கடுக்காய், ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய ஈரத்தோலில் இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும். அன்று நாங்கள் பயந்த அந்தக் கறைதான் உங்களுக்குத் தேவை. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு கிளம்பும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால்தான் கறுக்கும்; பால்சாவில் துவர்ப்பு குறைவு. அதனால் முதலில் கடுக்காய்த் தண்ணீரைப் பூசிக் காயவிட்டு, பிறகு வடிகட்டிய ஆணித் தண்ணீரைத் தடவுங்கள். கறுத்துவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் கலந்து, துண்டு மரத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாகக் காய்ந்தபின், வலை உரசும் விளிம்பிலும் மணலில் இழுபடும் அடிப்பகுதியிலும் மட்டும் மெழுகுவத்தியைத் தேயுங்கள். அதன்மேல் நீலம் அடித்து, காய்ந்ததும் நகத்தால் சுரண்டினால் மெழுகு இருந்த இடத்தில் வண்ணம் செதில் செதிலாக உரியும். வெயில் படும் மேல்பலகைகளுக்கு நீலத்தில் வெள்ளை சேர்த்து வெளிறச் செய்யுங்கள். கறுப்பு வண்ணம் கூடவே கூடாது. கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ்.

காட்பாடி உளி:
ஐயா, துண்டு மரத்தில் செய்து பார்த்தேன். தடவியபோது வெறும் ஈரம்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரேகைகளுக்குள் சாம்பல் நிறம் ஊறி, ஓரத்தில் கருநீலமாக நின்றது. கை நடுங்கிவிட்டது. இன்று மாலையே படகின் நீலத்தைத் தேய்க்கத் தொடங்குகிறேன். துடுப்புகளுக்கும் இதே ஆணித் தண்ணீர்தானா, அல்லது கைபிடிக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடட்டுமா?

வாணியம்பாடி:
விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுத் துணியால் தேயுங்கள். கைபட்ட மரம் வெளுக்காது, மெருகேறும்.