பால்டர்ஸ் கேட் முதல் பாகம்: விடுதி வாசலைத் தாண்ட முடியவில்லை, வழி சொல்லுங்கள்

இரவுவிளக்கு:

அனைவருக்கும் வணக்கம். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் ஐசோமெட்ரிக் வகை ரோல்பிளேயிங் கேம்களுக்கு நான் புதியவன். அலுவலக நண்பர் ஒருவர் பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகம் ஆடுவதைப் பார்த்ததிலிருந்து ஆசை பிடித்துக்கொண்டது. என் மடிக்கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அந்த விளையாட்டை அது தாங்காது. அதனால் முதல் பாகத்தின் என்ஹான்ஸ்டு எடிஷனை, அதாவது மேம்படுத்திய மறுவெளியீட்டை, வாங்கினேன். கையால் தீட்டியது போன்ற காடுகள், பின்னணி இசை, தொடக்கத்தில் வரும், நாயகனை வளர்த்த கோரியனின் மரணம் எல்லாமே மனதைத் தொட்டன. தொடர்ந்து ஆட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். சண்டைதான் விடமாட்டேன் என்கிறது.

நான் உருவாக்கியது மந்திரவாதி. நாயகனோடு வளர்ந்த தோழி இமோயனையும், வழியில் சேர்ந்த மாண்டரோன், ஸார் என்ற இருவரையும் அழைத்துக்கொண்டு பிரண்ட்லி ஆர்ம் விடுதிக்குப் போகிறேன். வாசல் படியில் நிற்பவன் இறங்கி வந்து நான் யார் என்று விசாரிக்கிறான். பதில் சொல்லி முடித்தவுடன் மந்திரம் ஓதத் தொடங்குகிறான். அவனைச் சுற்றி அவனைப் போலவே பல உருவங்கள் தோன்றுகின்றன. அடுத்த மந்திரத்தில் என் ஆட்கள் மிரண்டு திசைக்கொருவராக ஓடுகிறார்கள், என் கட்டளை எதுவும் அவர்களிடம் எடுபடுவதில்லை. பிறகு ஒளிக்கணைகள் பாய்ந்து என் மந்திரவாதி விழுகிறான், ஆட்டம் முடிந்துவிடுகிறது. எத்தனை முறை திரும்பத் தொடங்கினாலும் இதே கதைதான்.

வேறு சில சந்தேகங்களும் உண்டு. மாண்டரோனுக்கு ஒரு கேடயம் கொடுத்தால் ஆர்மர் கிளாஸ் என்ற எண் குறைகிறது. கேடயம் பிடித்தால் பாதுகாப்பு குறையுமா? தாக்கோ என்பது என்ன? அவனுடைய வாள் சண்டையின் நடுவே உடைந்து காணாமல் போனது, இது மென்பொருள் கோளாறா? ஒரே ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டு என் மந்திரவாதி வெறுங்கையோடு நிற்கிறானே, அதுவும் இயல்புதானா? முதன்முதலாக ஆடுகிற ஒருவர் இந்த விளையாட்டிலிருந்து தொடங்குவது சரியா என்பதையும் சொல்லுங்கள்.

பழையபகடை:

வாருங்கள் தம்பி. உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன எல்லாமே விதிப்படி நடப்பவை. அந்த விதிகளை இந்த விளையாட்டு விளக்கிச் சொல்வதில்லை, அதுதான் சிக்கல். 1998 டிசம்பரில் ஐந்து சிடிக்களில் இது வெளிவந்தபோது கூடவே தடிமனான கையேடு ஒன்றும் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் ஆட உட்கார வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு.

ஆர்மர் கிளாஸ் என்பது உங்களை அடிப்பது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண், அது குறைவது நல்லது. இந்தப் பாகம் அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையில் பகடை உருட்டி ஆடும் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளில் ஓடுகிறது. உங்கள் நண்பர் ஆடும் மூன்றாம் பாகம் அதன் ஐந்தாம் பதிப்பின் விதிகளைக் கொண்டது, அதில் இந்த எண் கூடக்கூட நல்லது. இங்கே நேர் எதிர். கவசம் எதுவும் இல்லாதவருக்கு 10. கவசமும் கேடயமும் சேரச்சேர அது இறங்கும், பூஜ்யத்தையும் தாண்டிக் கீழே போகும். ஆகவே அந்தக் கேடயத்தை மாண்டரோனிடமே விட்டுவையுங்கள்.

தாக்கோ என்பது, ஆர்மர் கிளாஸ் 0 உள்ள எதிரியை அடிக்க இருபது பக்கப் பகடையில் உங்களுக்கு விழவேண்டிய எண். முதல் லெவலில் வாள்வீரனோ மந்திரவாதியோ யாராக இருந்தாலும் அது 20. எதிரியின் ஆர்மர் கிளாஸ் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-லிருந்து 7-ஐக் கழித்தால் 13. பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் அடி படும். அதாவது 20 பக்கங்களில் 8 மட்டுமே உங்களுக்குச் சாதகம், நாற்பது சதவீதம். உங்கள் ஆட்கள் வாளை வீசிக்கொண்டே இருந்தும் எதிரி சாகாமல் நிற்பது இதனால்தான். அமைப்புகளில் ஃபீட்பேக் பகுதிக்குப் போய்ப் பகடை எண்களைக் காட்டும் வசதியை இயக்குங்கள். திரையின் கீழே உள்ள உரைப்பெட்டியில் ஒவ்வொரு வீச்சின் கணக்கும் ஓடும். அரை மணி நேரம் அதைக் கவனித்தால் கையேடு தேவைப்படாது.

வாள் உடைவது கதையின் பகுதி. அந்தக் கடற்கரைப் பகுதி முழுவதும் இரும்பு கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் பெரிய வேலை. அதற்கு மேல் சொல்லமாட்டேன். மந்திரசக்தி ஏறிய ஆயுதங்கள் உடையாது. வில்லும் மரத்தடியும் கவணும் உடையாது. அதுவரை ஆளுக்கு ஒரு உபரி ஆயுதம் பையில் இருக்கட்டும்.

கடல்காற்று:

பழையபகடை அண்ணா விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் அந்தப் படிக்கட்டுச் சண்டைக்கு வருகிறேன். டார்னெஷ் என்ற அந்த ஆளிடம் இந்த விளையாட்டை முதன்முதலாக ஆடுகிறவர்களில் ஏராளமானோர் செத்திருக்கிறார்கள், மனம் தளர வேண்டாம்.

இமோயனின் பையைத் திறந்து பார்த்தீர்களா? அவள் உங்களோடு சேரும்போதே ஒரு மந்திரக்கோலைக் கொண்டுவருகிறாள். ஒளிக்கணைகள் பாய்ச்சும் கோல் அது. மந்திரவாதியாக இல்லாவிட்டாலும் அவளால் அதைப் பயன்படுத்த முடியும். பையில் கிடந்தால் பயனில்லை, அவளுடைய பொருள் பக்கத்தில் உள்ள விரைவுப் பெட்டிகளில் ஒன்றுக்கு அதை இழுத்து வையுங்கள். அப்போதுதான் சண்டைத் திரையின் அடிப்பட்டையில் அதற்கு ஒரு பொத்தான் வரும்.

அடுத்தது இதைவிட முக்கியம். மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும் ஒருவர்மீது அந்த நேரத்தில் சிறு காயம் பட்டாலும் மந்திரம் கலைந்துவிடும். எதிரிக்கும் உங்களுக்கும் இதே விதிதான். ஆகவே விடுதி வளாகத்துக்குள் நுழைந்ததும் சேவ் செய்யுங்கள். உங்கள் மந்திரவாதியைப் பின்னால் தள்ளி நிறுத்துங்கள். மாண்டரோன் முன்னால், இமோயன் அவனுக்குச் சற்றுப் பின்னால் நிற்கட்டும். பேச்சு முடிந்த அந்தக் கணமே ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள். நிறுத்தியபடியே இமோயனிடம் கோலை எடுக்கச் சொல்லுங்கள், மாண்டரோனைப் பாயச் சொல்லுங்கள், ஸார் ஒரு மந்திரத்தைத் தொடங்கட்டும். பிறகு ஓடவிடுங்கள். ஓரிரு நொடி கழித்து மறுபடியும் நிறுத்தி, யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

அவனைப் போன்ற அந்தக் கண்ணாடி உருவங்கள் தோன்றிவிட்டால் உங்கள் அடிகள் பெரும்பாலும் போலி உருவங்கள்மீதுதான் விழும், ஒவ்வோர் அடிக்கும் ஒன்று மறையும். அதனால்தான் முதல் மந்திரத்தையே கலைக்க வேண்டும் என்கிறேன். பயமுறுத்தும் மந்திரம் பலித்துவிட்டால் ஓடுபவர்களைத் துரத்திப் பயனில்லை. பூசாரி வகுப்பினருக்கு முதல் லெவலிலேயே கிடைக்கும் ரிமூவ் ஃபியர் என்ற மந்திரம் ஒன்றுதான் அப்போது கைகொடுக்கும், உங்கள் குழுவில் இப்போது பூசாரி யாரும் இல்லை.

அமைப்புகளில் ஆட்டோபாஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. எதிரி கண்ணில் பட்டால் நிற்கவும், குழுவில் ஒருவருக்கு அடி பட்டால் நிற்கவும் அதில் சொல்லிவைக்கலாம். புதிதாக ஆடுபவர் இரண்டையும் இயக்கிக்கொள்வது நல்லது. இது ஓடிக்கொண்டே ஆடும் விளையாட்டு என்று நினைத்துத்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். நின்று யோசிப்பதுதான் இதன் ஆட்டமே.

மலைச்சாரல்:

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். புதிதாக வருபவரை ஏன் இதில் தள்ள வேண்டும்? 1997-ல் வந்த ஃபால்அவுட் முதல் பாகத்தை ஆடச் சொல்லுங்கள். இதே சாய்வுப் பார்வைதான், ஆனால் சண்டை முறைவைத்து நடக்கும். உங்கள் முறை முடியும்வரை எதிரி காத்திருப்பான். பதற்றமே இல்லை. கதையும் ஒரே வரியில் புரியும். அணுப்போருக்குப் பின் நிலத்தடிப் புகலிடம் ஒன்றில் வாழ்கிறீர்கள், தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவியின் சில்லு பழுதாகிவிட்டது, 150 நாட்களுக்குள் மாற்றுச் சில்லு கொண்டுவர வேண்டும். சின்னத் துப்பாக்கித் திறனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். சுறுசுறுப்பை 10 என்று வையுங்கள். 10 இருந்தால் உங்கள் முறை ஒவ்வொன்றிலும் செலவழிக்க 10 ஆக்‌ஷன் பாயிண்ட் கிடைக்கும், தொடக்கத்தில் உள்ள கைத்துப்பாக்கிக்கு ஒரு குண்டுக்கு 5. அதாவது இரண்டு குண்டு சுடலாம். 9 வைத்தால் ஒரு குண்டுதான்.

படிப்பதில் ஆர்வம் இருந்தால் 1999-ல் வந்த பிளேன்ஸ்கேப் டார்மெண்ட். பிணவறை மேசையில் நினைவிழந்து எழும் ஒருவன், சாக முடியாதவன், தான் யார் என்று தேடுகிறான். சண்டையில் விழுந்தாலும் பெரும்பாலும் எழுந்துவிடுவான் என்பதால் புதியவருக்கு அச்சமில்லை. அறிவு, ஞானம், கவர்ச்சி மூன்றையும் உயர்த்தி வைத்தால் பேச்சிலேயே பாதி விளையாட்டைக் கடக்கலாம். என் வாழ்நாளில் நான் ஆடியவற்றில் அதற்கு ஈடு வேறில்லை.

பழையபகடை:

மலைச்சாரல், டார்மெண்ட் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். ஆனால் அதில் இருக்கும் ஆங்கில உரை சுமார் 8 லட்சம் சொற்கள் என்பார்கள். முதல் விளையாட்டாக அதைக் கொடுத்தால் பலர் பிணவறையை விட்டு வெளியே வருவதற்குள் சோர்ந்துவிடுகிறார்கள். ஃபால்அவுட் நல்ல தேர்வுதான். இருந்தாலும் இந்தத் தம்பிக்கு ஏற்கெனவே பிடித்துப்போன ஒன்றைக் கையிலிருந்து பிடுங்குவானேன்? காடும் இசையும் மனதைத் தொட்டன என்று அவரே எழுதியிருக்கிறார். தடுத்து நிறுத்துவது ஒரே ஒரு சண்டை. அதைத் தாண்டவைப்போம். இங்கே வளர்த்த அதே பாத்திரத்தை 2000-ல் வந்த இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதையும் மறக்கக் கூடாது. இன்று நாலு அடியில் சாகும் மந்திரவாதி அங்கே படையையே எரிப்பான். அந்த வளர்ச்சியை முழுவதும் கூட இருந்து பார்ப்பதில்தான் இந்தத் தொடரின் இன்பம் இருக்கிறது.

மந்திரவாதி பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. முதல் லெவலில் அவருடைய ஹிட் பாயிண்டை, அதாவது எவ்வளவு சேதம் தாங்குவார் என்பதை, தீர்மானிப்பது நான்கு பக்கப் பகடை, வாள்வீரனுக்குப் பத்துப் பக்கம். டார்னெஷின் ஒளிக்கணை ஒவ்வொன்றும் 2 முதல் 5 வரை சேதம் செய்யும், குறி தவறாது. நீங்கள் ஏன் விழுகிறீர்கள் என்று இப்போது புரியும். மந்திரங்களையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துவைக்க வேண்டும். முதல் லெவலில் ஒன்றுதான், சொல்லிவிட்டால் உறங்கி எழுந்த பிறகே திரும்ப வரும். அந்த ஒன்று ஸ்லீப் மந்திரமாக இருக்கட்டும். சிறு எதிரிகளின் கூட்டம் மொத்தமாகத் தரையில் சாயும், சாய்ந்தவர்மீது உங்கள் அடி தவறாமல் விழும். எலும்புக்கூடு போன்ற செத்தெழுந்தவற்றிடமும், பெரும்பாலான எல்ஃப் இனத்தவரிடமும் அது பலிக்காது. உங்கள் ஆட்கள் நிற்கும் இடத்தில் வீசிவிடாதீர்கள், அவர்களும் உறங்கிவிடுவார்கள்.

இரவுவிளக்கு:

அண்ணா, கடல்காற்று அக்கா, மலைச்சாரல், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கோல் இமோயனின் பையிலேயே இருந்தது! பேச்சு முடிந்தவுடன் நிறுத்தி, அக்கா சொன்ன வரிசையில் ஏவினேன். டார்னெஷ் கையைத் தூக்கி ஓதத் தொடங்கினான், இமோயனின் கணை போய் மார்பில் பட்டது, அவன் மந்திரம் பாதியில் அறுந்தது. உரைப்பெட்டியில் அந்த வரியைப் பார்த்தபோது கைதட்டிவிட்டேன். மறுபடி ஓதுவதற்குள் மாண்டரோன் முடித்துவிட்டான்.

உள்ளே காலித், ஜஹீரா இருவரையும் சேர்த்துக்கொண்டேன். இப்போது அவர்களுக்கும் மாண்டரோன், ஸாருக்கும் ஓயாத வாய்ச்சண்டை. இது எங்கே போய் முடியும்? அடுத்து தெற்கே நாஷ்கெல் சுரங்கத்துக்குப் போகச் சொல்கிறார்கள். இப்போதே போகலாமா?

கடல்காற்று:

மிக்க மகிழ்ச்சி! வாய்ச்சண்டை ஒரு நாள் கைகலப்பாகவே முடியும், அந்த இரு சோடிகளும் நெடுநாள் ஒன்றாக இருக்கமாட்டார்கள். நல்லவர்களாகப் பயணம் செய்யப்போகிறீர்கள் என்றால் காலித், ஜஹீராவை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சோடியில் ஒருவரை அனுப்பினால் மற்றவரும் போய்விடுவார் என்பதை நினைவில் வையுங்கள்.

உடனே சுரங்கத்துக்குப் போக வேண்டாம். விடுதியைச் சுற்றியும் பெரெகோஸ்ட் ஊரைச் சுற்றியும் சிறு வேலைகள் நிறைய இருக்கின்றன. விடுதிக்குள்ளேயே உன்ஷே என்ற பெண்ணிடம் பேசிப் பாருங்கள். எல்லோரும் இரண்டாம், மூன்றாம் லெவல் தொட்ட பிறகு தெற்கே போகலாம். முடிந்தவரை எல்லோர் கையிலும் வில்லோ கவணோ இருக்கட்டும், இந்தப் பாகத்தில் வில்லாளிக்கு ஒரு சுற்றில் இரண்டு அம்பு கிடைப்பது பெரிய பலம். காயம் ஆற விடுதியில் தங்குங்கள், வெளியே உறங்கினால் நடுவில் தாக்குவார்கள். அறைக்கேற்ப குணமாகும் அளவும் மாறும், மலிவான அறையில் 1 ஹிட் பாயிண்ட், அரச அறையில் 4.

பழையபகடை:

நாஷ்கெல் ஊரில் மின்ஸ்க் என்ற வீரனைச் சந்திப்பீர்கள், தோளில் ஒரு வெள்ளெலியோடு திரிபவன். சேர்த்துக்கொண்டால் அவன் கேட்கும் மீட்புப் பணியை ஒத்திப்போடாதீர்கள், பொறுமை இழந்தால் உங்கள்மீதே பாய்வான்.

சுரங்கத்தில் வழி குறுகலாக இருக்கும். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் மறித்துக்கொள்வார்கள், ஆகவே கவசம் அதிகமுள்ள இருவரை மட்டும் முன்னே நகர்த்துங்கள், மற்றவர்கள் வில்லோடு பின்னால். இமோயன் பொறிகளைத் தேடும் நிலையில் மெதுவாக முன்னே போய்ப் பார்த்த பிறகே பிறர் வர வேண்டும். அங்குள்ள கோபோல்ட் என்ற குட்டி அரக்கர் கூட்டங்களுக்கு ஸ்லீப் மந்திரம் அருமருந்து. ஆழம் போகப்போகத் தீ அம்பு எய்யும் கோபோல்ட்கள் வருவார்கள், அவர்களைத் தூரத்திலேயே வீழ்த்துங்கள், அவர்கள் போட்டுவிட்டுப் போகும் அம்புகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். அடித்தளத்தில் இருப்பவன் ஓதத் தொடங்கினால் இமோயனின் கோல் நினைவில் இருக்கட்டும். அதில் மீதி எத்தனை முறை இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.