டூல் ஷாப்புக்கு ஒர்க்கர்ஸ் காம்ப் பிரீமியம் எகிறிடுச்சு, எங்க பிடிக்கிறது?

சாணைச்சக்கரம்:
வணக்கம் மக்களே. அமெரிக்காவுல ஒரு சின்ன டூல் மேனுஃபேக்சரிங் ஷாப்புல ப்ரொடக்‌ஷன் பாத்துக்கறேன், கட்டிங் டூல், ஜிக், ஃபிக்ஸ்சர்னு செய்யறோம். இந்த ரினியூவல்ல ஒர்க்கர்ஸ் காம்ப் (வேலைல அடிபட்டா வைத்தியத்துக்கும் சம்பளத்துக்கும் குடுக்கற இன்ஷூரன்ஸ்) பிரீமியம் கன்னாபின்னான்னு ஏறியிருக்கு. ஆளு அதே ஆளு, சம்பளமும் பெருசா ஏறல, மாட் (பழைய க்ளெய்ம்கள வச்சு பிரீமியத்தை ஏத்தி இறக்கற பெருக்கல் எண்) மட்டும் 0.92ல இருந்து 1.19 ஆயிருக்கு. ஏஜென்ட்ட கேட்டா "உங்க க்ளெய்ம் ஹிஸ்டரி சார்"னு ஒரே வரில முடிச்சிட்டார். இத்தனைக்கும் பெரிய விபத்துன்னு எதுவுமே இல்ல, விரல்ல வெட்டு, கண்ணுல தூசி, முதுகு பிடிப்பு இப்படித்தான், அதுவும் 2025ல ஒண்ணுகூட கிடையாது. ஓனர் வேற இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாத்திடலாம்ங்கறார். மாத்தினா குறையுமா? இல்ல ஃப்ளோர்ல ஏதாவது பண்ணணுமா?

பாலிசி வாத்தி:
கம்பெனி மாத்தினா மாட் மாறாது பாஸ், அது உங்க கூடவே வரும். பெரும்பாலான மாநிலங்கள்ல என்சிசிஐங்கற அமைப்பு போடற நம்பர் அது, இன்ஷூரன்ஸ்காரன் இஷ்டத்துக்குப் போடறதில்ல. மொத்த சம்பளத்துல ஒவ்வொரு 100 டாலருக்கும் உங்க தொழிலோட க்ளாஸ் கோடுக்கு ஒரு ரேட், அதை மாட்டால பெருக்கணும், அவ்வளவுதான். சும்மா ஒரு உதாரணத்துக்கு சம்பளம் 10 லட்சம் டாலர், ரேட் 3 டாலர்னு வைங்க, 30,000 வரும். மாட் 0.92னா 27,600, 1.19னா 35,700. ஒரு க்ளெய்ம் உள்ள வந்தா மூணு ரினியூவலுக்கு உக்காந்திருக்கும்.

2025 சுத்தம்ங்கறீங்க, அது இன்னும் கணக்குலயே வரல. 2026 ஜனவரி 1 ரினியூவலுக்கு 2022, 2023, 2024 பாலிசியத்தான் பாப்பாங்க.

அப்புறம் "எல்லாம் சின்னதுதானே"ங்கறீங்களே, அடியே அங்கதான். ஒவ்வொரு க்ளெய்ம்லயும் முதல்ல ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் முழுசா எடுத்துக்குவாங்க, அதுக்கு மேல போறதை குறைச்சுத்தான் எடுப்பாங்க, அதனால ஒரே பெரிய க்ளெய்ம விட அதே தொகைக்கு பத்து சின்ன க்ளெய்ம் வந்தா மாட் இன்னும் மோசமா ஏறும். ஆனா வெறும் வைத்தியச் செலவோட முடிஞ்சதுன்னா பெரும்பாலான மாநிலங்கள்ல 30 சதவீதம்தான் சேரும். வேலைக்கு வராத நாளுக்கு காசு குடுக்க ஆரம்பிச்சா இந்த சலுகை போயிடும். அந்த காசு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காத்திருக்கற நாள் மாநிலத்தைப் பொறுத்து 3ல இருந்து 7 வரைக்கும். அதுக்குள்ள டாக்டர் அனுமதிக்கற மாதிரி ஒரு லேசான வேலை, கேஜ் வச்சு செக் பண்றது, லேபிள் ஒட்டறதுன்னு ஏதாவது கைவசம் ரெடியா இருக்கணும், அடிபட்டப்புறம் யோசிச்சா லேட்.

ஏஜென்ட்ட லாஸ் ரன், அதாவது உங்க க்ளெய்ம் எல்லாத்தோட லிஸ்ட், வாங்கிப் பாருங்க. ஆளு குணமாகி வேலைக்கு வந்தும் முதுகு கேஸ் ஏதாவது ஓப்பனா கிடந்து பெரிய தொகை ரிசர்வ்ல (இனிமே செலவாகும்னு ஒதுக்கி வச்ச கணக்குல) நிக்குதான்னு பாருங்க. பாலிசி ஆரம்பிச்சு 18வது மாசம் முதல் மதிப்பீடு எடுப்பாங்க, அதுக்குள்ள இன்ஷூரன்ஸ்ல க்ளெய்ம் பாக்கற அட்ஜஸ்டர விரட்டி க்ளோஸ் பண்ண வைங்க.

ஃபிட்டர் சித்தப்பா:
வாத்தியார் பேப்பர் சொல்லிட்டார், நான் ஃப்ளோர் சொல்றேன். முதல்ல அந்த பெஞ்ச் கிரைண்டர் கிட்ட போய் நில்லுங்க தம்பி. பீஸ வச்சுப் பிடிக்கற ஒர்க் ரெஸ்ட்டுக்கும் வீலுக்கும் நடுவுல 1/8 இஞ்சுக்கு மேல கேப் இருக்கக்கூடாது, மேல இருக்கற டங் கார்டுங்கற தடுப்புத் தகடுக்கு 1/4 இஞ்ச், ஓஷா (அமெரிக்க அரசோட வேலைப் பாதுகாப்பு அமைப்பு) ரூல் அது. மாட்டின அன்னைக்கு எல்லா ஷாப்லயும் சரியாத்தான் இருக்கும், வீல் தேயத்தேய கேப் கூடும், யாரும் திரும்பி அட்ஜஸ்ட் பண்ண மாட்டாங்க, ஒரு நாள் சின்ன பீஸ் உள்ள மாட்டி வீல் வெடிக்கும் இல்ல விரலை இழுக்கும். புது வீல மாட்டறதுக்கு முன்னாடி தட்டி சத்தம் கேக்கறதும் ரூல்தான், விரிசல் இருந்தா கணீர்னு வராது.

கண்ணுல தூசின்னா கிரைண்டர மட்டும் சந்தேகப்படாதீங்க, ஏர் கன் வச்சு சிப் ஊதறாங்களா பாருங்க. ஓஷால 30 பிஎஸ்ஐக்கு கீழ இருக்கணும், சிப் கார்டும் கண்ணாடியும் வேணும்னு இருக்கு, நான் கேட்டா ஏர் கன்ன பிடுங்கிட்டு ப்ரஷ்ஷும் கொக்கியும் குடுங்கம்பேன். விரல் வெட்டுக்கு, கூரான கட்டர எடுத்து வைக்கறப்ப கட் தாங்கற க்ளவுஸ் போடலாம், ஆனா அதே க்ளவுஸோட ட்ரில் இல்ல லேத் சுத்தறப்ப கிட்ட போகவே கூடாது, விரலோட போற வெட்டு கையோட போயிடும். முதுகுக்கு பெல்ட் வாங்கி காச கரியாக்காதீங்க, கனமான ஃபிக்ஸ்சர தரையில வைக்காம இடுப்பு உயரத்துல ரேக்ல வச்சாலே பாதி குனியற வேலை போயிடும்.

சாணைச்சக்கரம்:
சித்தப்பா சொன்ன கேப்ப இப்பதான் போய் அளந்தேன், விரலே போகுது 😬 நாளைக்கு முதல் வேலை அதுதான். இன்னொண்ணு, விபத்தே இல்லாத மாசத்துக்கு எல்லாருக்கும் போனஸ்னு ஓனர் ஒரு ஐடியா வச்சிருக்கார், எப்படி?

மில்லிங் மகா:
வேணாம்ங்க. போனஸ் போயிடும்னு பக்கத்துல இருக்கறவனே "சொல்லாத மச்சி"ம்பான், சின்ன வெட்ட துணி சுத்தி மறைச்சு சீழ் வச்சப்புறம் ஆஸ்பத்திரி போவாங்க, லேட்டா ரிப்போர்ட் ஆனா செலவும் ஜாஸ்தி. குடுக்கறதா இருந்தா "நூலிழைல தப்பிச்சேன்"னு எழுதிக் குடுக்கறவங்களுக்கு குடுங்க.

பாலிசி வாத்தி:
இதோட சேத்து ஆடிட் பேப்பரையும் (இன்ஷூரன்ஸ்காரங்க உங்க சம்பளக் கணக்க சரிபாக்கற பேப்பர்) ஒரு தடவை பாருங்க. ஓவர்டைம்ல ஒண்ணரை மடங்கு குடுக்கறீங்கன்னா அந்த கூடுதல் அரை மடங்கை பெரும்பாலான மாநிலங்கள்ல கழிச்சுக்கலாம், தனியா கணக்கு வச்சிருந்தா மட்டும். ஆபீஸ் ஆளு, கம்ப்யூட்டர்ல டிராயிங் (CAD) போடற பொண்ணு எல்லாம் 8810ங்கற ஆபீஸ் வேலை க்ளாஸ் கோடுல வரணும், ரேட் ரொம்ப கம்மி. ஆனா அவங்க சுவர் வச்சு பிரிச்ச ரூம்ல இருக்கணும், ஆள் குறைஞ்ச அன்னைக்கு மெஷின் கிட்ட வந்து கை குடுத்தாங்கன்னு ஆடிட்டருக்கு தெரிஞ்சா ஷாப் ரேட்டுக்கே தள்ளிடுவாங்க.