பயாப்ஸியின் நடுவே ஊசிக்கருவி பழுதானால் ஆபத்தா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
என் மாமனாருக்குச் சி.டி. ஸ்கேன் உதவியுடன் நுரையீரல் பயாப்ஸி செய்தபோது, திசு எடுக்கும் ஸ்பிரிங் கருவி இயங்காததால், வேறொரு கருவியின் பொட்டலத்தைப் பிரித்து வேலையை முடித்தார்கள். ஊசி உடலுக்குள் இருக்கையில் இப்படி மாற்றலாமா?

பதில் (செங்கோட்டை, ரேடியோகிராபர்):
மாற்றலாம். பெரும்பாலும் உள்ளே நிற்பது வெளியூசி மட்டுமே. திசுவை வெட்டும் உள்ளூசி அதன் வழியாகச் சென்று வருவதால், அது பழுதானாலும் நுரையீரல் உறையை மறுபடியும் துளைக்க வேண்டியதில்லை. கவனம் தேவைப்படுவது அந்த இடைவெளியில்தான்: வெளியூசியின் வாய் திறந்திருக்கும்போது நோயாளி மூச்சை இழுத்தால், காற்று இரத்தக்குழாய்க்குள் புகுந்துவிடக்கூடும். மிக அரிது, ஆனால் உயிருக்கே உலை வைக்கும். எனவே விரலாலோ அடைப்புக்கம்பியாலோ உடனே மூடிவிடுவார்கள்.

பதில் (களியக்காவிளை):
கருவிப் பழுதைவிட, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வதே அடிக்கடி நேர்வது. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்களா? திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், பயாப்ஸி செய்த இடத்துக்கே போக வேண்டும் என்று மாநில எல்லை தாண்டி அலையாமல், அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். டிஸ்சார்ஜ் குறிப்பு கையில் இருக்கட்டும்.

கேட்டவர்:
எடுத்தார்கள், காற்று இல்லையாம். திசு போதுமான அளவு கிடைத்ததா என்பதை நாளை மருத்துவரிடம் கேட்கிறேன். இருவருக்கும் நன்றி.